நிரவிக்குப் போன வாத்தியார்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர் நீங்கள், உங்கள் முதல் வகுப்பறை நினைவுகளை எழுதினாலே போதும் என்று சங்கச் செயலாளர் கேட்டார். என் நினைவுகளில் பெரிசா என்ன இருக்கிறது? முதல் நாள் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடும்போது குரல் நடுங்கியது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து விட்டான். அவ்வளவுதான். அதனால் என்னை விட்டுவிட்டு, இதே புதுவையில் பிறந்து, இதே வாத்தியார் வேலையை 37 வருஷம் பார்த்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். கவிஞராக அவரை எல்லாருக்கும் தெரியும். வாத்தியாராகத் தெரிந்தவர்கள் குறைவு.

கனக சுப்புரத்தினம் 1891 ஏப்ரல் 29ஆம் நாள் புதுவையில் பிறந்தார். தந்தை கனகசபை முதலியார், தாய் இலக்குமி அம்மாள். திண்ணைப் பள்ளியில் திருப்புளிசாமி ஐயரிடம் எழுத்து படித்தார். பிறகு பெரியசாமிப் பிள்ளை, பங்காரு பத்தர் போன்ற புலவர்களிடம் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். மிஷன் வீதி கல்வே கல்லூரியில் சேர்ந்து, மூன்று வருஷப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடித்து, தமிழ்ப் புலவர் தேர்வில் முதலாவதாகத் தேறினார். 1909இல் வேலை கிடைத்தது. வயது பதினெட்டு!

வேலை கிடைத்த ஊர் காரைக்காலை அடுத்த நிரவி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சி, புதுவையும் பிரெஞ்சு ஆட்சி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் நூற்று முப்பது கிலோமீட்டர் போல பிரிட்டிஷ்காரன் சீமை. ஒரு ஆட்சியை விட்டு இன்னொன்றைத் தாண்டி, மறுபடி பழைய ஆட்சிக்குள் நுழைந்து வேலைக்குப் போக வேண்டும். மீசை சரியாக முளைக்காத வயசு. எதிரே உட்கார்ந்திருக்கிற பெரிய பையன்களுக்கும் இவருக்கும் ஐந்தாறு வயசு வித்தியாசந்தான் இருந்திருக்கும். சம்பளம் பிரெஞ்சு அரசாங்கம் தருகிறது, பாடம் தமிழ்.

அப்போது அவர் எழுதியதெல்லாம் பண்டிதர் நடை. முருகன் மேல் துதிப்பாட்டு. இலக்கணம் கெட்டியாக இருக்கும், கேட்கிற குழந்தைக்கு ஒன்றும் புரியாது. (நாமும் சிலர் அப்படிப் பாடம் நடத்தியவர்கள்தானே!) அதை மாற்றியவர் பாரதியார். பாரதியார் 1908இல் புதுவைக்கு வந்து விட்டார். வேணு நாயக்கர் வீட்டுக் கல்யாணத்தில் சுப்புரத்தினம் பாரதியின் பாட்டு ஒன்றைப் பாடுகிறார். கூட்டத்தில் பாரதியே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. அன்று தொடங்கிய பழக்கம், 1918இல் பாரதியார் ஊரை விட்டுப் போகும் வரை விடவில்லை. நண்பர்கள் முன்னிலையில் ஒரு பாட்டு எழுதும்படி பாரதியார் சொல்ல, சக்தியைப் பற்றி இவர் அங்கேயே எழுதினார். பாரதியார் அதைத் தம்முடைய கவிதை மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பு எழுதி சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். இருபது சொச்சம் வயசு வாத்தியாருக்கு இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும்? அரசாங்க வேலையில் இருந்தவர் சொந்தப் பெயரில் எழுதுவது சுலபமில்லை. கிண்டற்காரன், கிறுக்கன் என்று பல புனைபெயர்கள் வைத்துக் கொண்டார். கடைசியில் பாரதிதாசன் என்பதே நின்றது.

என் கருத்தைச் சொல்கிறேன், தவறாக இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். எளிய தமிழை அவர் பாரதியிடம் கேட்டார் என்பது உண்மை. ஆனால் அதைத் தினமும் பழகிப் பார்த்த இடம் வகுப்பறைதான். ஒரு சொல் எட்டு வயசுப் பையனுக்கு எட்டவில்லை என்றால் அவன் முகத்திலேயே தெரிந்து விடும். ஆசிரியராக இருந்தவர்களுக்கு அது தெரியும். பின்னாளில், 1958இல், அவர் பிள்ளைகளுக்கென்றே 'இளைஞர் இலக்கியம்' வெளியிட்டார். வாத்தியார் வேலையை விட்டு 12 வருஷம் ஆன பிறகும் எதிரில் பிள்ளைகளை வைத்துக் கொண்டே எழுதிய கை அது.

கஷ்டமும் வந்தது. திருபுவனைப் பள்ளியில் வேலை பார்த்தபோது, முதல் உலகப் போரை ஒட்டிய காலம், ஜெர்மானியருக்கு வேண்டியவர் என்று குற்றம் சாட்டி அரசாங்கம் அவரைச் சிறையில் போட்டது. ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். பிறகு தவறு என்று தெரிந்து விட்டு விட்டார்கள். வேலை போயிற்று. வேறொருவராக இருந்தால் தப்பித்தோம் என்று ஒதுங்கியிருப்பார். இவர் வழக்குப் போட்டு, வென்று, அதே வேலைக்குத் திரும்பினார். சிறையில் இருந்து வந்த மனிதர் மறுபடி சுண்ணாம்புக் கட்டியைக் கையில் எடுத்த அந்த முதல் நாளை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லியிருப்பார்கள். அவர் என்ன பாடம் எடுத்தாரோ!

1920இல் பழநி அம்மையாரை மணந்தார். கதர்த் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார். பிறகு பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். முருகன் துதி பாடியவர் பகுத்தறிவு பாடினார். 1930இல் 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்', 1938இல் கவிதைகளின் முதல் தொகுதி. எல்லாம் பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் எழுதியதுதான் என்பதை மறந்து விடக் கூடாது.

அவரிடம் படித்த பிள்ளைகளில் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். வில்லியனூர் அரங்கசாமி. 1915இல் பிறந்தவர், தொடக்கப் பள்ளியில் சுப்புரத்தினத்திடம் படித்தார். வாணிதாசன் என்றால் உங்களுக்குத் தெரியும். வாத்தியார் பாரதிக்குத் தாசன் ஆனார், மாணவர் கலைவாணிக்குத் தாசன் ஆனார். அவரும் ஆசிரியர் வேலைக்கே போனார். அவரும் நல்ல கவிஞர். நம்மில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு மாணவன் வாய்த்தான்?

1946இல் பாரதிதாசன் ஓய்வு பெற்றார். அதே வருஷம் ஜூலையில் சென்னையில் அண்ணா முன்னின்று அவருக்கு 25,000 ரூபாய் பொற்கிழி கொடுத்தார்கள். 1955இல் புதுவைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964 ஏப்ரல் 21ஆம் நாள் சென்னை மருத்துவமனையில் காலமானார். உடலைப் புதுவைக்குக் கொண்டு வந்தார்கள். 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு சாகித்ய அகாதெமி பரிசு வந்தபோது அதை வாங்கிக் கொள்ள அவர் இல்லை.

பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த 95ஆம் எண் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. மிஷன் வீதியில் அவர் படித்த கல்வே கட்டடமும் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். வெளியூரிலிருந்து சந்திப்புக்கு வருகிற நண்பர்கள், வெயில் தாழ்ந்த பிறகு என்னோடு வருவதானால் சொல்லுங்கள், வருகிறேன்.