மண் கோப்பையில் தேநீர்



நம் நெய்வேலியில் மாலையில் எந்த வட்டத்துக்குப் போனாலும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்க்கலாம். யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்ட காலத்தில் ஆடிய ஒருவரைப் பற்றி இந்த முறை உங்களுக்குச் சொல்கிறேன்.

பெயர் பல்வங்கர் பாலு. 1876-இல் தார்வாடில் பிறந்தவர். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப்பில் மாதம் 3 ரூபாய்க்கு மைதான வேலைக்குச் சேர்ந்தார். பிறகு ஐரோப்பியர்களின் ஜிம்கானாவில் 4 ரூபாய் சம்பளம். ஆடுகளத்தைப் பராமரிப்பதும் வலை கட்டுவதும் வேலை. துரைமார் மட்டை பிடித்துப் பழக, மணிக்கணக்கில் இடது கையால் சுழற்பந்து வீசுவார். அவர் கையில் மட்டையைக் கொடுத்தவர் எவருமில்லை.

ஐரோப்பியர்களைத் தோற்கடிக்க புனே இந்து கிளப்புக்கு அவர் தேவைப்பட்டார். சிலர் தயங்கினாலும் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண் கோப்பை. சாப்பாடும் தனியாகத்தான்.

பின்னர் பம்பாய்க்குப் போனார். 1906-இல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களில் வென்றதில் அவர் பந்துவீச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணி பெரும்பாலும் தோற்றது. ஆனால் 35 வயதான பாலு அந்தப் பயணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்தார்.

இவ்வளவு செய்தும் இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1920-இல் துணைக் கேப்டன் ஆனதோடு சரி. 1923-இல் அவர் தம்பி விட்டல் கேப்டனானார். 1937 தேர்தலில் பாலு டாக்டர் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். 1955-இல் காலமானார்.

அந்த மண் கோப்பை பழைய கதை என்று நினைக்கிறீர்களா? எங்கள் சமையலறை ஜன்னலோரம் ஒரு எவர்சில்வர் டம்ளர் பல வருடமாகத் தனியாக இருந்தது, வேலைக்கு வரும் அம்மாவுக்கு. இதை எழுதத் தொடங்கியபோதுதான் அது என் கண்ணில் உறுத்தியது. மனைவியிடம் சொன்னேன். அன்றே மற்ற டம்ளர்களோடு சேர்த்துவிட்டோம்.

நம் குடியிருப்பில் காவல் காப்பவரும் குப்பை எடுப்பவரும் உங்கள் வீட்டில் தேநீர் குடிப்பது எந்த டம்ளரில்? ஒருமுறை பாருங்களேன்.