இடம் கொடுத்த தலைமையாசிரியர்



பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்டு அலையும் பெற்றோரை ஜூன் மாதம் வந்தாலே நாம் பார்க்கிறோம். அப்படி இடம் கொடுத்ததற்காகத் தம் உயிரையே கையளித்த ஒரு குரு, ஒரு ஜூன் 2 அன்றுதான் இறந்தார்.

லூசியன் புனெல் 1900-ஆம் ஆண்டு பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் பிறந்தவர். தந்தை பஞ்சாலைத் தொழிலாளி. மில் சங்கொலி கேட்டு வளர்ந்த நம் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு அந்த வீட்டின் நிலை புரியும். 1925-இல் குருவானார். 1931-இல் கார்மேல் சபையில் சேர்ந்து அருட்தந்தை ழாக் ஆனார். 1934-இல் அவோன் என்ற ஊரில், குழந்தை இயேசுவின் புனித தெரேசா பெயரால் அச்சபை தொடங்கிய பள்ளிக்குத் தலைமையாசிரியரானார்.

போர் வந்தது. யூதர்களை நாசிப் படையினர் வேட்டையாடினர். 1943-இல் மூன்று யூதச் சிறுவர்களை வேறு பெயர்களில் தம் பள்ளியில் சேர்த்துக்கொண்டார் தந்தை. யூதர் என்பதால் வேலை பறிக்கப்பட்ட லூசியன் வெய்ல் என்ற தாவரவியல் அறிஞரை ஆசிரியராக்கினார். வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

1944 ஜனவரி 15 அன்று கெஸ்டபோ காவலர்கள் பள்ளிக்குள் நுழைந்தனர். சிறுவர் மூவரும் தந்தையும் பிடிபட்டனர். முற்றத்தில் நிறுத்தப்பட்டிருந்த மாணவர்களிடம் அவர் அமைதியாக விடைபெற்றார். பள்ளி மூடப்பட்டது. சிறுவர்களும் வெய்லும் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர்.

மவுத்தவுசன், குசன் முகாம்களில் தந்தை தம் உணவைப் பிறரோடு பகிர்ந்தார். மறைவாக ஒப்புரவு அருட்சாதனம் வழங்கினார். 1945 மே 5 அன்று விடுதலை வந்தபோது உடல் முற்றிலும் நலிந்திருந்தது. ஜூன் 2 அன்று லின்ஸ் நகரில் இறந்தார். அவோனில் அடக்கம் செய்யப்பட்டார்.

அன்று முற்றத்தில் நின்ற பதினொரு வயது மாணவர் லூயி மால், 1987-இல் அந்நிகழ்வைத் திரைப்படமாக்கினார். அதற்கு முன்பே, 1985-இல், எருசலேமிலுள்ள யாட் வாஷேம் நினைவகம் தந்தையை நீதிமான்களுள் ஒருவராக ஏற்றது.

உலகக் கணக்கில் அவர் தோற்றவர். அவர் ஏற்ற பிள்ளைகள் பிழைக்கவில்லை; பள்ளியும் போயிற்று. ஆனால் ஊரே கதவடைத்த நாளில், அந்தப் பிள்ளைகளுக்குச் சில மாதங்கள் ஒரு வகுப்பறையும் ஒரு தகப்பனும் இருந்தார்கள்.

நம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வருவோரின் பிள்ளைகளும் நம் வாசலில் நிற்கிறார்கள். அவர்களிடம் நாம் முதலில் கேட்பது என்ன? பெயரா, சான்றிதழா, சாப்பிட்டாயா என்றா?

சிந்திப்போம்.