டோபியாஸ் லோவிட்ஸ்

யொஹான் டோபியாஸ் லோவிட்ஸ் (ஏப்ரல் 25, 1757 – டிசம்பர் 7, 1804) ஜெர்மனியில் பிறந்து உருசியாவில் பணியாற்றிய வேதியியலாளரும் மருந்தாளுநரும் ஆவார். கரைசலில் உள்ள நிறத்தையும் நாற்றத்தையும் மரக்கரி கவர்ந்து அகற்றும் என்பதை 1785-இல் கண்டறிந்தார். நஞ்சுண்டவர்களுக்கு மருத்துவமனைகளில் கிளர்வுற்ற கரி கொடுக்கப்படுவது இக்கண்டுபிடிப்பின் வழியில் வந்த ஒரு பயனாகும். கரைசல்களிலிருந்து படிகங்கள் தோன்றும் முறையையும் இவர் விரிவாக ஆராய்ந்தார். தமிழ்நாட்டின் மரக்காணம் கடற்கரையில் உப்பு விளைவதற்கும், 2023-இல் அங்கு நிகழ்ந்த மெத்தனால் உயிரிழப்புகளில் கரி பயன்படாமைக்கும் உரிய அறிவியல் அடிப்படைகள் இவருடைய ஆய்வுகளோடு தொடர்புடையவை.

இளமை

லோவிட்ஸ் கோட்டிங்கன் நகரில் பிறந்தார். தந்தை கியோர்க் மோரிட்ஸ் லோவிட்ஸ் வானியலாளர். நிலப்படம் வரைவதிலும் வல்லவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் அழைப்பை ஏற்றுத் தந்தை உருசியா சென்றபோது மகனும் உடன் சென்றார். 1769-ஆம் ஆண்டு வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்த நிகழ்வைத் தந்தை காஸ்பியன் கடலருகே உள்ள குரியேவ் என்ற இடத்திலிருந்து நோக்கினார். (அதே நிகழ்வைக் காண்பதற்காக மரக்காணத்துக்குத் தெற்கே புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீல், முகில் மறைத்ததால் ஏமாந்தார்.)

பின்னர் வோல்கா, டான் ஆறுகளை இணைக்கும் கால்வாய்க்கான நில அளவைப் பணி தந்தையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1774-இல் புகச்சோவ் தலைமையிலான கிளர்ச்சிப் படையினரிடம் சிக்கி அவர் கொல்லப்பட்டார். பதினேழு வயது மகன் உயிர் தப்பி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தார். அறிவியல் கழகத்தின் ஆதரவில் பள்ளிக் கல்வி பெற்று, 1777-இல் அரண்மனை மருந்தகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இடையில் கோட்டிங்கன் சென்று பயின்ற சில ஆண்டுகள் நீங்கலாக, இவரது ஆய்வு வாழ்வு முழுவதும் அந்நகரிலேயே கழிந்தது. முக்கியமான கண்டுபிடிப்புகளுள் பல பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அன்றி, மருந்து காய்ச்சும் கூடத்தில் நிகழ்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது.

கரியின் ஆற்றல்

மருந்தகத்தில் டார்டாரிக் அமிலத்தைப் படிகமாக்கும்போது கரைசல் பழுப்பு நிறமடைந்து படிகங்கள் அழுக்காகப் படிவது வழக்கமான இடையூறு. 1785-இல் இத்தகைய கரைசலில் மரக்கரித் தூளைச் சேர்த்தபோது பழுப்பு நிறம் மறைவதை லோவிட்ஸ் கண்டார். கரைசலை வடிகட்டிக் கரியை நீக்கியபின் தூய வெண்படிகங்கள் கிடைத்தன. இதை ஒரு தற்செயல் நிகழ்வாக விட்டுவிடாமல் தேன், சாறுகள், எண்ணெய்கள், சாயங்கள், அழுகிய நீர் எனப் பல பொருட்களில் சோதித்துப் பார்த்தார்.

வளிமங்களைக் கரி உள்வாங்கும் என்பதை ஷீலேயும் ஃபொண்டானாவும் முன்னரே அறிந்திருந்தனர். கரைசலில் உள்ள பொருட்களையும் அது கவரும் என்பதை முறையாக நிறுவியவர் லோவிட்ஸ். எரிபொருள்களில் புளோஜிஸ்டன் என்ற பொருள் உறைவதாக வேதியியலாளர் நம்பிய காலமாதலால் சரியான விளக்கம் அவருக்குக் கிட்டவில்லை. கரியில் உள்ள நுண்துளைகளின் சுவர்களில் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதே இதன் காரணமாகும். இது பரப்புக் கவர்ச்சி எனப்படுகிறது. இதற்குரிய ஐரோப்பியச் சொல் 1881-இல்தான் வழக்கிற்கு வந்தது.

கண்டுபிடிப்பு விரைவில் இரு இடங்களில் பயன்பட்டது. நெடும்பயணக் கப்பல்களில் பீப்பாய்களில் கெட்டுப்போகும் குடிநீரைக் கரியால் தூய்மையாக்கலாம் என லோவிட்ஸ் பரிந்துரைத்தார். தானியத்திலிருந்து வடித்த மதுவின் தீய வாடையையும் கரித்தூள் நீக்கியது. வோட்கா தயாரிப்பில் கரி வடிகட்டல் இன்றும் தொடர்கிறது. அங்கு நீங்குவது பெரிய மூலக்கூறுகளைக் கொண்ட வாடைப் பொருட்களே என்பதை நினைவில் கொள்ளவேண்டும். மெத்தனால் அவ்வாறு நீங்குவதில்லை.

படிகங்கள்

1789-இல் இவர் கரியையும் குளிரையும் பயன்படுத்தி, பனிக்கட்டி போல் உறையும் தூய அசிட்டிக் அமிலத்தைப் பெற்றார். 1796-இல் நீர் முற்றிலும் நீக்கப்பட்ட எத்தனாலைத் தயாரித்தார். தேனில் உள்ள சர்க்கரை கரும்புச் சர்க்கரையினின்று வேறானது என்று காட்டினார். பனியுடன் கால்சியம் குளோரைடைக் கலந்து, பாதரசத்தையே உறையவைக்கும் குளிரை உண்டாக்கினார். ஸ்ட்ரான்சியம், குரோமியம் ஆகியவற்றைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளிலும் இவருக்குப் பங்கு உண்டு.

இவற்றினும் ஆழமானது படிகமாக்கல் பற்றிய ஆய்வு. ஒரு கரைசல் தன் அளவுக்கு மீறிய உப்பைத் தாங்கிக்கொண்டு தெளிவாகவே நிற்கக்கூடும். அதில் அதே உப்பின் சிறு படிகம் ஒன்றை இட்டால் மளமளவெனப் படிகங்கள் விளையும். மீதெவிட்டிய நிலை, விதைப் படிகம் என இன்று பாடநூல்களில் இடம்பெறும் கருத்துகளை முதலில் தெளிவுபடுத்தியவர்களுள் இவர் ஒருவர். கண்ணாடித் தகட்டில் உலரும் உப்புத் துளிகளை நுண்ணோக்கியில் பார்த்து, படிவின் வடிவத்தைக் கொண்டே எந்த உப்பு என இனங்காணும் முறையையும் வகுத்தார்.

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மரக்காணம் உப்பளங்களில் இதே நிகழ்வைப் பேரளவில் காணலாம். பாத்திகளில் தேங்கும் உவர்நீர் வெயிலில் வற்றி, போமே அடர்த்தி அளவில் ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போது சமையல் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. அதற்கு முன்னரே ஜிப்சம் படிந்துவிடும். உப்பை வாரியபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் உப்புகள் மிகுந்திருப்பதால் அது வெளியேற்றப்படுகிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் படியும் உப்புகளைப் பிரித்தெடுப்பதே உப்பளத் தொழிலாளரின் திறன். லோவிட்ஸின் மருந்தகப் பணியும் ஏறக்குறைய அதுவே.

இறுதிக் காலம்

1793-இல் லோவிட்ஸ் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரானார். குடும்ப வாழ்வில் மனைவியையும் பிள்ளைகளையும் இழந்து துயருற்றார். நலிந்த உடல்நிலையிலும் ஆய்வைத் தொடர்ந்த அவர் 1804-இல் தமது 47-ஆம் வயதில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் காலமானார். கரி நச்சு முறிப்பில் பயன்படும் என்பதை அவர் காணவில்லை.

நச்சு மருத்துவத்தில் கரி

லோவிட்ஸ் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1813-இல் பிரான்சில் பெர்ட்ரான் என்பவர் ஆர்சனிக் சேர்மத்தைக் கரியுடன் கலந்து உட்கொண்டு உயிர் பிழைத்துக் காட்டினார். பின்னர் டூயேரி என்ற மருந்தாளுநர், கொல்லும் அளவினும் பன்மடங்கு ஸ்ட்ரிக்னைனைக் கரியுடன் உட்கொண்டும் தீங்கின்றி இருந்தார். ஸ்ட்ரிக்னைன் என்பது எட்டிக் கொட்டையின் நஞ்சு. எட்டி மரம் தமிழர்க்கு நன்கு அறிமுகமானது. இவை துணிகரச் செயல்களே அன்றிப் பின்பற்றத்தக்க சோதனைகள் அல்ல.

20-ஆம் நூற்றாண்டில் நீராவி அல்லது வேதிப்பொருள் கொண்டு கரியின் நுண்துளைகளைப் பெருக்கும் முறை தொழிலாக வளர்ந்தது. இவ்வாறு பெறப்படும் கிளர்வுற்ற கரியின் ஒரு கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு உள்ளது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இது தேங்காய்ச் சிரட்டையிலிருந்து (கொட்டாங்குச்சி) செய்யப்படுகிறது. அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது.

பெரியவர்களுக்குப் பொதுவாக 50 கிராம் கரி நீரில் கலந்து கொடுக்கப்படுகிறது. நஞ்சு இரைப்பையில் இருக்கும்போதே கரி அதனைச் சந்திக்கவேண்டும் என்பதால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பதே மிகுந்த பயன் தரும். நினைவிழந்தவருக்குக் கொடுத்தால் நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்து உண்டு. எனவே இது மருத்துவர் முடிவு செய்யவேண்டிய சிகிச்சை; வீட்டு வைத்தியம் அன்று.

இதன் பயன் பற்றிய முக்கிய ஆய்வுகள் இலங்கையில் நடந்தன. மஞ்சள் அரளி நஞ்சுக்கு ஆளான 401 பேரிடம் நடந்து 2003-இல் வெளியான ஆய்வில், கரியைப் பலமுறை கொடுத்ததால் இறப்பு விகிதம் 8 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தது. பூச்சிக்கொல்லி, அரளி முதலிய நஞ்சுகளுக்கு ஆளான 4,632 பேரிடம் மூன்று மருத்துவமனைகளில் நடந்து 2008-இல் வெளியான பெரிய ஆய்விலோ, கரி பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையே இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கிராமப்புற நோயாளிகள் மருத்துவமனையை அடையும்முன் கழியும் நேரம் இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று.

கரி கவராத நஞ்சு

எல்லா நஞ்சையும் கரி கவர்வதில்லை. இரும்பு, லித்தியம், வீரிய அமிலங்கள், காரங்கள், ஆல்ககால்கள் ஆகியவற்றிற்கு அது பயன்படாது. மெத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு; நீரில் எளிதில் கலந்து விரைவாகக் குருதியை அடைந்துவிடும்.

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்ற மீனவக் கிராமத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி மருத்துவமனைகளிலும் சேர்க்கப்பட்டனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் உயிரிழப்புகள் நேர்ந்தன. இரு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறு ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இதே நஞ்சுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

உடலுக்குள் மெத்தனால் முதலில் பார்மால்டிகைடாகவும், பின்பு பார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. பார்வை நரம்பைச் சிதைப்பதும் குருதியில் அமிலத்தன்மையை ஏற்றுவதும் இந்த அமிலமே. மாற்றம் நிகழப் பல மணி நேரம் ஆவதால், குடித்தவர் முதலில் நலமாகவே தோன்றுவார். பார்வை மங்குவது மறுநாளாகவும் இருக்கலாம். அம்மாற்றத்தைச் செய்யும் நொதியைத் தடுப்பதற்குப் போமெபிசோல் என்ற மருந்தோ, மருத்துவக் கண்காணிப்பில் அளவாகச் செலுத்தப்படும் எத்தனாலோ கொடுக்கப்படுகிறது. அமிலத்தன்மையைக் குறைக்கச் சோடியம் பைகார்பனேட்டும், மெத்தனாலையும் பார்மிக் அமிலத்தையும் நீக்கக் குருதி ஊடுபிரித்தலும் மேற்கொள்ளப்படுகின்றன.