ஹோமி பாபா அனுப்பிய தந்தி

1909-ல் பம்பாயில் பிறந்த பாபாவும் முதலில் நம்மைப்போல இன்ஜினீயரிங்தான் படித்தார், கேம்பிரிட்ஜில். 1939-ல் லீவுக்கு வந்தவர், உலகப் போர் மூண்டதால் இங்கேயே தங்கிவிட்டார். 1945-ல் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்.

1961-ல் வெளிநாட்டிலிருந்த நம்மவர் நால்வர், ரேடியோ வானியல் செய்யத் தாயகம் திரும்பத் தயார் என்று எழுதினார்கள். பாபா இழுத்தடிக்கவில்லை, 1962 ஜனவரியிலேயே தந்தி பறந்தது. மறுவருஷம் கோவிந்த் ஸ்வரூப் வந்து சேர்ந்தார்.

ஊட்டி மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி 1970-ல் எழுந்தது. தொலைதூர கேலக்ஸியை நிலா மறைக்கும்போது ரேடியோ அலை குறைவதை வைத்தே அதன் அளவைக் கணித்தார்கள். பாபாதான் பார்க்கவில்லை, 1966 விமான விபத்தில் போய்விட்டார்.

ஒரகடம் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும்போதெல்லாம் அந்தத் தந்தி ஞாபகம் வரும், நண்பர்களே! வருகிறேன் என்பவரைக் காக்க வைக்கலாமா?