கருணையைத் தியானமாகக் கொண்ட வடலூர் வள்ளலார்

தைப்பூசத் திருநாள் நம்மூரிலே புதிர் எடுக்கும் நாளாகும். வயலில் விளைந்த புதுநெற் கதிரைக் கொண்டுவந்து இறைவனுக்குப் படைத்து, புத்தரிசிச் சோறு சமைத்து, உற்றார் உறவினரோடு உண்டு மகிழும் நன்னாள் அது. அதே நாளில் கடலுக்கு அப்பால், தமிழகத்தின் வடலூரிலே, பெருந்தொகையான அடியார்கள் கூடி நின்று ஏழு திரைகள் நீங்கத் தோன்றும் சோதியைத் தரிசிக்கின்றார்கள். அந்தச் சோதி வழிபாட்டைத் தொடக்கிவைத்தவர், வள்ளலார் என்று உலகம் போற்றும் இராமலிங்க சுவாமிகள்.

தியானம் என்றவுடன் தனியிடத்தில் அமர்ந்து கண்களை மூடியிருப்பதையே நாம் நினைக்கின்றோம். அயல்வீட்டுக் குழந்தை பசியால் அழும் ஓசை காதில் விழாதிருப்பதே மன ஒருமை என்றும் சிலர் எண்ணிக்கொள்கின்றனர். அந்த அழுகுரல் காதில் விழுந்து உள்ளம் உருகுவதே வழிபாட்டின் தொடக்கம் என்று வாழ்ந்து காட்டியவர் வள்ளலார். அப்பெருமானின் வாழ்க்கை வரலாற்றை இம்மலரிலே சிந்திப்பது நமக்குப் பெரும் பயன் தருவதாகும்.

பசியறிந்த இளமை

சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள மருதூர் என்னும் சிற்றூரிலே, இராமையாபிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது பிள்ளையாக 1823 ஆம் ஆண்டு ஒக்டோபர் 5 ஆம் திகதி சுவாமிகள் அவதரித்தார். தந்தையார் ஊர்க் கணக்கராக இருந்ததோடு பிள்ளைகளுக்குக் கல்வியும் கற்பித்து வந்தவர். குழந்தைக்கு ஆறு மாதமாக இருந்தபோதே அவர் இறைவனடி சேர்ந்தார். தாயார் பிள்ளைகளோடு பொன்னேரிக்குச் சென்று, பின்னர் சென்னையிலே ஏழுகிணற்றுப் பகுதியில் குடியேறினார். மூத்தவராகிய சபாபதிப்பிள்ளை புராணப் பிரசங்கம் செய்து கிடைத்த வருவாயிலே குடும்பம் நடந்தது.

தம்பி பள்ளிக்கூடப் படிப்பில் மனம் வைக்கவில்லை. கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே அவருக்குப் பள்ளியாயிற்று. கோபங்கொண்ட தமையனார், படிக்காத பிள்ளைக்குச் சோறு போடவேண்டாம் என்று மனைவிக்குக் கட்டளையிட்டார். ஆனால் அந்த அண்ணியார் கணவருக்குத் தெரியாமல் மைத்துனருக்கு உணவளித்து வந்தார். தந்தையாரின் திதி நாளிலே வீட்டில் பலரும் வயிறார உண்டிருக்க, இந்தப் பிள்ளை மாத்திரம் மறைந்து வந்து உண்ண வேண்டியதாயிற்றே என்று அந்த அம்மையார் கண்ணீர் விட்டார். அந்தக் கண்ணீர் இளைஞரின் உள்ளத்தைத் தொட்டது. தமக்கென ஓர் அறை தந்தால் படிப்பதாக இசைந்தார். மேல்மாடி அறை கிடைத்தது. அதிலே ஒரு கண்ணாடியை வைத்து, விளக்கேற்றி, மாலை சாத்தித் தியானத்தில் அமர்ந்தார். அக்கண்ணாடியிலே தணிகை முருகன் காட்சி கொடுத்தருளினான் என்பது அவர் வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சி.

இன்னொரு நிகழ்ச்சியையும் அடியார்கள் சொல்லி வருவர். திருவொற்றியூர்த் தியாகேசப் பெருமானையும் வடிவுடையம்மையையும் வழிபட்டு ஓரிரவு நேரஞ்சென்று வீடு திரும்பியபோது கதவு தாழிட்டிருந்தது. பசியோடு திண்ணையிலே படுத்துக்கொண்டார். வடிவுடையம்மையே அண்ணியாரின் உருவில் வந்து அமுது படைத்தாளாம். பசித்த பிள்ளைக்குச் சோறு போட வந்தவள் அண்ணியா அம்பாளா என்று வேறுபிரித்துப் பார்க்க இயலாதபடி அந்த வரலாறு அமைந்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். பின்னாளிலே பல்லாயிரம் பேரின் பசியாற்றிய கைகளுக்கு உரியவர், இளமையில் தாமே பசித்திருந்தவர். ஒருவரின் இரக்கத்தால் உண்டவர்.

மனுநீதி கண்ட மனம்

ஒருமுறை தமையனார் நோயுற்றிருந்தபோது அவருக்குப் பதிலாகத் திருஞானசம்பந்தர் வரலாற்றைப் பிரசங்கித்து, கேட்டவர்களை இளைஞர் வியக்கவைத்தார். அன்றுமுதல் அவருடைய புலமையைச் சென்னை அறிந்தது. 1850 ஆம் ஆண்டில் சகோதரியின் மகள் தனக்கோடி அம்மையாரை மணம்புரிந்தாரெனினும் அவர் உள்ளம் துறவிலேயே நின்றது.

1854 ஆம் ஆண்டிலே மனுமுறை கண்ட வாசகம் என்னும் உரைநடை நூலை எழுதி வெளியிட்டார். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்க, தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதை அது. நம் நாட்டு மகாவம்சமும் எல்லாள மன்னனைப் பற்றி இதையொத்த கதையைச் சொல்கின்றது. சுவாமிகளின் நூலிலே, மணியோசை கேட்ட மன்னன் தான் என்ன பாவம் செய்தேனோ என்று தன்னைத்தானே கேட்டு வருந்தும் இடம் படிப்பவர் நெஞ்சைக் கலக்கும். பிறவுயிரின் துன்பம் கண்டவுடன் பழியை மற்றவர்மேற் போடாது தன்னுள்ளத்தை ஆராய்வது கருணையின் முதற்படி என்பதை அந்த இடம் உணர்த்துகின்றது.

அணையாத அடுப்பு

1858 ஆம் ஆண்டிலே சென்னையை விட்டு நீங்கித் தலயாத்திரை செய்து, சிதம்பரத்தைத் தரிசித்து, வடலூருக்கு அண்மையிலுள்ள கருங்குழியிலே தங்கினார். வாடிநின்ற பயிரைக் கண்டாலும் தம் உயிர் வாடியதாகப் பாடியவர் அவர். ஏழைகள் வீடுதோறும் சென்று இரந்தும் பசி நீங்காது சோர்ந்ததையும், நீண்டநாள் நோயால் வருந்தியதையும் கண்டு தாம் நடுங்கியதாகவும் பாடினார். 1866 ஆம் ஆண்டிலே ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் பஞ்சம் வாட்டியது. அத்தகைய காலத்திலே, பாடி உருகுவதோடு அவர் நின்றுவிடவில்லை.

வடலூர் மக்கள் மனமுவந்து எண்பது காணி நிலத்தைக் கொடுத்தனர். 1867 ஆம் ஆண்டு மே 23 ஆம் திகதி அங்கே சத்திய தருமசாலையைத் தொடக்கினார். சாதி, சமயம், ஊர் எதுவும் கேளாமல் பசித்து வந்தவருக்கெல்லாம் உணவளிப்பதே அதன் நோக்கம். அன்று அவர் மூட்டிய அடுப்பு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அணையாமல் எரிந்துவருகின்றது.

தருமசாலை தொடங்கிய காலத்திலேயே சீவகாருணிய ஒழுக்கம் என்னும் அவரது உரைநடை நூலும் அடியார்களுக்கு வழிகாட்டியாயிற்று. உயிர்கள் அனைத்தும் ஓரினம். ஒரே இறைவனால் உடம்பு பெற்றவை. ஆகவே எல்லாம் உடன்பிறப்புகள். ஒரு சகோதரன் வருந்துவதைக் கண்டால் மற்றச் சகோதரன் உள்ளம் உருகுவது இயல்பு. இதையே அவர் ஆன்ம நேய ஒருமைப்பாடு என்றார். அவ்வாறாயின் சிலருடைய உள்ளம் உருகாதிருப்பது ஏன்? அவர்களைக் கொடியவர் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. கண்ணிலே காசம் படர்ந்தவன் தன் பிள்ளையையும் அடையாளம் காணமாட்டான் அல்லவா? அதுபோல அவர்களுடைய அறிவுக்கண் ஒளி மங்கியிருக்கின்றது என்றே விளக்கினார். இரக்கமில்லாதவர் மீதும் இரக்கம் கொண்ட பெருமான் அவர்.

இரக்கமின்றிச் செய்யும் தவம், யோகம், செபம், தியானம் எதுவும் இறைவன் அருளைப் பெற்றுத் தராது என்பது அவருடைய துணிபு. அதே வேளையில், பெற்றோரையும் மனைவி மக்களையும் பட்டினி போட்டுவிட்டு அயலாருக்கு உணவளிப்பது இறைவனுக்குச் சம்மதமன்று என்றும் எச்சரித்தார். அவரவர் தரத்துக்கேற்பக் குடும்பச் செலவைச் சிக்கனமாக்கி, மிஞ்சியதைக் கொண்டு பசித்தவருக்கு உதவச் சொன்னார். இது சாதாரண குடும்பத்தவரும் கைக்கொள்ளக்கூடிய வழியல்லவா?

தன்னுயிருக்கும் இரங்குதல்

பிறர்மேற் கருணை காட்டுபவர் சிலர் தம்முடம்பையும் மனத்தையும் வாட்டிக்கொள்வதுண்டு. வள்ளலார் அதற்கும் வழிசொன்னார். நித்திய கரும விதியிலே, சூரியன் உதிக்குமுன் எழுந்து சற்றுநேரம் இறைவனை நினைக்கவும், உணவை மிகுதியாகவுமின்றிக் குறைவாகவுமின்றி உண்ணவும், வெந்நீர் அருந்தவும், மெல்ல நடக்கவும், கோபமும் பயமும் இன்றி இருக்கவும் அறிவுறுத்தினார். இறைவன் வாழும் இல்லமாகிய உடம்பைப் பேணுவதும் ஒரு கருணைச் செயலே.

அவர் காவி உடுத்ததில்லை. தலையையும் உடலையும் போர்த்திய வெள்ளாடையே அவர் கோலம். ஐம்புலன்களோடும் மனத்தோடும் போரிடுவோர் அணியும் போர்க்கோலம் காவி என்றும், தயவு வாய்த்தவருக்குரிய நிறம் வெள்ளை என்றும் அவர் விளக்கினார். தன்னோடு தானே ஓயாது போராடிக் களைத்துப்போகும் மனத்துக்கு இது எத்தனை ஆறுதலான உபதேசம்! உலக விசாரத்தை ஒதுக்கி, ஒரு சாமப் பொழுதேனும் உள்ளம் நெகிழ இறைவனை நினைத்திருந்தாலோ துதித்திருந்தாலோ, யோகியர் பெருமுயற்சியால் அடைவதினும் மேலான பயன் கிடைக்கும் என்பது அவர் கருத்து.

வாதமும் கஞ்சித்தொட்டியும்

சுவாமிகளின் பாடல்கள் 1867 ஆம் ஆண்டிலே திருவருட்பா என்னும் பெயரோடு அச்சேறின. அருட்பா என்னும் பெயர் பன்னிரு திருமுறைகளுக்கே உரியது என்று நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் மறுப்பு எழுதினார். அருட்பா மருட்பா வாதம் எனப்பட்ட அது மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவர் காலத்துக்குப் பின்னரும் அறிஞர்கள் இரு பக்கமாக நின்று வாதிட்டனர். இதனால் நம்மவரிற் சிலருக்கு வள்ளலாரைப் போற்றினால் நாவலரைக் குறைத்ததாகுமோ என்றொரு தயக்கம் நெடுநாள் இருந்துவந்தது.

அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. நாவலர் பெருமான் திருமுறைகளின் தனிச்சிறப்பைக் காக்க நின்றார். வள்ளலார் பசித்தவனின் உயிரைக் காக்க நின்றார். ஆனால் 1877 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் வாந்திபேதியும் வருத்தியபோது நாவலர் என்ன செய்தார்? கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். கோயில்களில் உயிர்ப்பலி இடுவதை வள்ளலார் கண்டு நடுங்கினார். நாவலரும் அதைக் கடுமையாகக் கண்டித்தார். ஒரு பெயரைப் பற்றி வாதிட்ட இரு பெரியோர்களும் பசித்தவன் முன்னிலையிலும் வாயில்லாச் சீவன் முன்னிலையிலும் ஒன்றாகவே நிற்கின்றனர். அவர்களுடைய வாதத்தைத் தொடர்வதா, அடுப்பைத் தொடர்வதா என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும்.

முன்றிலில் வைத்த விளக்கு

1872 ஆம் ஆண்டு சனவரி 25 ஆம் திகதி தைப்பூசத்தன்று வடலூரிலே எண்கோண வடிவில் அமைந்த சத்திய ஞானசபையில் சோதி வழிபாடு தொடங்கியது. சோதியை மறைக்கும் ஏழு திரைகளும் ஆன்மாவை மறைக்கும் திரைகளைக் குறிப்பன. இளமையில் மேல்மாடி அறையில் வைத்த கண்ணாடியும் விளக்குமே இப்போது உலகத்தார் அனைவருக்குமாகச் சபையில் விளங்கலாயின.

தாம் சொல்வதைக் கேட்டு நடப்போர் மிகச் சிலரே என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. எனினும் எவரையும் வெறுத்தாரில்லை. மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத்திலே 1873 ஆம் ஆண்டு ஒக்டோபர் 22 ஆம் திகதி சன்மார்க்கக் கொடியேற்றிப் பேருபதேசம் செய்தார். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில், தம்மறையில் இருந்த விளக்கை வெளியே முன்றிலில் எடுத்துவைத்து, அதைத் தடையின்றி வழிபட்டு வருமாறு பணித்தார். 1874 ஆம் ஆண்டு சனவரி 30 ஆம் திகதி நள்ளிரவில் அறையினுள்ளே சென்று கதவை அடைத்துக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. 1878 ஆம் ஆண்டில் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட அரசாங்க நூலும் இதனைக் குறிப்பிட்டுள்ளது. சோதியிற் கலந்தார் என்பது அடியார்களின் நம்பிக்கை.

அன்பார்ந்த அடியார்களே! நம் ஆலயத் திருவிழாக் காலத்திலே மடத்தில் அடுப்பு மூட்டும்போது வள்ளலாரை ஒருகணம் நினைப்போமாக. பந்தியிலே கடைசியில் வந்து தயங்கி நிற்பவரை முதலில் அழைத்து இருத்துவோமாக. இரவு படுக்குமுன் வீட்டு விளக்கின் எதிரில் சற்றுநேரம் அமர்ந்து, இன்று நாம் செய்த பிழைக்காக வருந்தி, நம்மையும் மன்னித்து, நம்மோடு மனத்தாங்கல் கொண்டவரும் பசியின்றி நோயின்றி வாழவேண்டுமென்று மனதார நினைப்போமாக. இதற்குப் பெரும் பொருளோ பெரும் படிப்போ வேண்டியதில்லை.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.