முதியவர்களுக்கு மைதானம் தந்த வீரர்

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்று ஓர் ஊர். 1963-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அங்கே பெரிய கோல்ப் போட்டி ஒன்று தொடங்கியது.

முதல் பந்தை அடித்தவர்கள் இளைஞர்கள் அல்ல, இரண்டு கிழவர்கள்! ஒருவருக்கு வயது 80. இன்னொருவருக்கு 78.

அந்த மைதானத்தை உருவாக்கியவருக்கோ வயது 61தான். ஆனால், அவர் மட்டையைப் பிடித்து ஆடி 15 ஆண்டுகள் ஆகிவிட்டன. நோய் அவரை முடக்கிப் போட்டிருந்தது.

அவர்தான் பாபி ஜோன்ஸ். கோல்ப் உலகின் முடிசூடா மன்னர்!

நோஞ்சான் பிள்ளை

1902-ம் ஆண்டு மார்ச் 17-ந்தேதி அட்லாண்டா நகரில் ஜோன்ஸ் பிறந்தார். தந்தை ஒரு வக்கீல். பிள்ளையோ நோஞ்சான். எதைச் சாப்பிட்டாலும் வயிற்றில் தங்காது.

நல்ல காற்றுக்காகக் குடும்பம் ஊருக்கு வெளியே குடியேறியது. வீட்டின் அருகே கோல்ப் மைதானம். அங்கே பயிற்சி கொடுத்த ஸ்காட்லாந்துக்காரரின் பின்னாலேயே சிறுவன் சுற்றினான். அவர் அடிப்பதைப் பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான்.

கோல்ப் ஆட்டத்தில் மொத்தம் 18 குழிகள். குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளிலும் பந்தைத் தள்ளியவரே வெற்றி பெறுவார்.

கோபமும் நேர்மையும்

இளம் வயதில் ஜோன்சுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அடி தவறினால் மட்டையை வீசி எறிவார்.

1921-ம் ஆண்டு ஸ்காட்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் போட்டி நடந்தது. முதல் சுற்றில் 19 வயது ஜோன்சுடன் சேர்ந்து ஆடியவர் ஜாக் ஹட்சின்சன். வயது 37. ஒரு குழியில் அவர் ஒரே அடியில் பந்தை உள்ளே போட்டார்! அந்த ஆண்டு கோப்பையும் அவருக்கே கிடைத்தது.

ஜோன்சோ மூன்றாவது சுற்றில் தடுமாறினார். ஆத்திரம் வந்தது. பாதியிலேயே ஆட்டத்தைக் கைவிட்டு வெளியேறினார். அந்த அவமானம் அவர் மனத்தை உறுத்தியது. கோபத்தை அடக்கப் பழகினார்.

1925-ல் இன்னொரு போட்டி. அடிக்கப் போகும்போது பந்து லேசாக அசைந்தது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆனாலும், ஜோன்ஸ் தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். அந்த ஓர் அடியால் கைக்கு வந்த கோப்பை நழுவியது!

28 வயதில் ஓய்வு

1930-ம் ஆண்டு இங்கிலாந்திலும், ஸ்காட்லாந்திலும், அமெரிக்காவிலும் நடந்த நான்கு பெரிய போட்டிகளையும் ஜோன்சே வென்றார். உலகமே வியந்தது.

அதே ஆண்டில் அவர் ஓய்வு பெற்றார். அப்போது வயது 28. அவர் வக்கீல். போட்டிகளில் பரிசுப் பணத்துக்காக அவர் ஆடியதே இல்லை.

பிறகு அகஸ்டாவில் 365 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. அது முன்பு பழ மரக்கன்றுகளும் பூச்செடிகளும் வளர்த்த பண்ணை. மருத்துவம் படித்த மெக்கன்சி என்பவருடன் சேர்ந்து, ஜோன்ஸ் அதைக் கோல்ப் மைதானம் ஆக்கினார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடி அல்லது மரத்தின் பெயர். 1934-ல் அங்கே முதல் பெரிய போட்டி நடந்தது.

முதியோர் போட்டி

கோல்ப் ஆடிப் பிழைப்பவர்களுக்கு 50 வயதானால் என்ன கதி? இளைஞர்களோடு மோதி ஜெயிக்க முடியாது. அவர்களுக்கென்று தனியாக ஒரு பெரிய போட்டியும் அன்று இல்லை.

அந்தக் குறை 1937-ல் தீர்ந்தது. முதியோர் போட்டியைத் தன் மைதானத்திலேயே நடத்தலாம் என்று ஜோன்ஸ் அழைத்தார். அப்போது அவருக்கு வயது 35.

முதல் முதியோர் போட்டியில் வென்றவர் யார் தெரியுமா? அதே ஜாக் ஹட்சின்சன்! வயது 53. மறு ஆண்டு வென்றவர் பிரெட் மெக்லியாட். வயது 56. பின்னர் போட்டி புளோரிடா மாநிலத்துக்கு மாறியது.

விதியின் விளையாட்டு

1948-ல் ஜோன்சின் கைகால்கள் மரத்துப்போகத் தொடங்கின. முதுகுத்தண்டில் நோய். அறுவைச் சிகிச்சை செய்தும் குணமாகவில்லை. முதலில் கைத்தடி, பிறகு சக்கர நாற்காலி. முதியோர் போட்டியில் ஆடும் வயது வருமுன்பே அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது.

ஆனாலும், அவர் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. 1968 வரை அகஸ்டா போட்டிக்கு வந்தார். 1958-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை அளித்தது. ஆத்திரத்தில் அவர் வெளியேறிய அதே ஊர்! அவர் விடைபெற்றபோது மக்கள் பாடி வழியனுப்பினார்கள்.

1963-ல் முதல் பந்தை அடித்த அந்தக் கிழவர்கள் யார்? மெக்லியாட், ஹட்சின்சன். முதியோர் போட்டியில் முதன்முதலாக வென்ற அதே இருவர்! ஜோன்சைவிட ஏறக்குறைய 20 வயது மூத்தவர்கள்.

1971-ம் ஆண்டு டிசம்பர் 18-ந்தேதி, 69-வது வயதில், ஜோன்ஸ் காலமானார். அடுத்த ஆண்டு வசந்த காலத்திலும் அந்த இரு கிழவர்களும் அகஸ்டாவுக்கு வந்தார்கள். முதல் பந்தை அடித்தார்கள்.

ஜோன்ஸ் இடம் கொடுத்துத் தொடங்கிய முதியோர் போட்டி இன்றும் நடக்கிறது.