பசியறிந்த பண்டிதை

சமயப் பற்று உடையாரைத் துன்பம் அணுகாது என்று எண்ணுவோர் உளர். பண்டித இரமாபாய் அம்மையாரின் வாழ்க்கை வேறொன்றைக் கற்பிக்கிறது. கிறித்துவைச் சார்வதற்கு முன்னும் பின்னும் அவரைத் துன்பம் தொடர்ந்தே வந்தது. ஆயினும், தாம் பட்ட ஒவ்வொரு துன்பத்தையும் அதே துன்பத்தில் உழல்வோரைத் தேடிச் செல்லும் வழியாக மாற்றிக்கொள்ளும் ஆற்றலை அவருக்கு அவர்தம் நம்பிக்கை அளித்தது.

கானகத்தில் கற்ற கல்வி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கங்கமூலா என்னும் கானகப் பகுதியில் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் இரமாபாய் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே மராத்திய அந்தணர், வடமொழிப் பேரறிஞர். பெண்களுக்கு வடமொழி கற்பித்தல் தகாது எனக் கருதப்பட்ட அக்காலத்தில் தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அவர் அம்மொழியைக் கற்பித்தார். உறவினரும் ஊராரும் எதிர்க்கவே, காட்டில் குடில் அமைத்துக் குடியேறினார். மகளுக்குத் தாயே ஆசிரியரானார். பன்னிரண்டு வயதளவில் இரமாபாய் பதினெட்டாயிரம் சுலோகங்களை மனப்பாடம் செய்திருந்தார் என்பர்.

பின்னர் அக்குடும்பம் புராணம் படித்துப் பொருள் சொல்லியவாறு திருத்தலந்தோறும் அலைந்தது. 1870களில் தென்னகத்தை வாட்டிய பஞ்சம் அவர்களைச் சென்னை மாகாணத்தில் பற்றியது. உடல் உழைப்புக்குப் பழகாத அக்குடும்பத்தார் கையிருப்பெல்லாம் தீர்ந்தபின் இலைகளைத் தின்று உயிர் தாங்கினர். தந்தை இறந்தார், சில திங்களில் தாயும், அவரை அடுத்துத் தமக்கையும் இறந்தனர். தாயின் உடலைச் சுமக்கப் போதிய ஆட்கள் வரவில்லை. இரக்கமுற்று வந்த அந்தணர் இருவரோடு தமையனும் இரமாபாயும் பாடை சுமந்தனர். உயரம் குறைந்தவராதலின் இரமாபாய் தம் பங்கைத் தலைமேல் தாங்கிச் சென்றார்.

எஞ்சிய இருவரும் ஏறத்தாழ நாலாயிரம் மைல் நடந்தனர். பஞ்சாபின் ஜீலம் ஆற்றங்கரையில் குளிருக்குப் போர்வையின்றி, மணலில் குழி தோண்டிப் படுத்து, மணலையே மூடிக்கொண்டு இரவுகளைக் கழித்தனர்.

பட்டமும் பிரிவும்

1878இல் அவர்கள் கல்கத்தாவை அடைந்தனர். இரமாபாயின் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள் அவருக்குப் பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்களை வழங்கினர். அந்நகரில்தான் அவர் முதன்முதலாகக் கிறித்தவர் கூட்டமொன்றைக் கண்டார். நாற்காலிகளின் முன் மண்டியிட்டு வேண்டியவர்களை, நாற்காலியை வணங்குவோர் என்றே அன்று அவர் கருதினார்.

1880இல் தமையன் மறைந்தார். அதே ஆண்டில் வேறு சாதியைச் சார்ந்த வங்காள வழக்கறிஞர் விபின் பிஹாரி மேதவியை இரமாபாய் பதிவு மணம் புரிந்தார். 1881இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882 பிப்ரவரியில் காலரா நோய் கணவரைக் கொண்டு சென்றது. இருபத்து நான்கு வயது நிரம்பாத நிலையில், கைக்குழந்தையுடன் அவர் கைம்பெண்ணானார். அவ்வாண்டே பூனாவில் ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவி, அரசு அமைத்த ஹண்டர் கல்விக் குழுவின் முன் பெண்களுக்கு ஆசிரியைகளும் பெண் மருத்துவரும் வேண்டும் எனச் சான்றுரைத்தார்.

ஒரு கேள்வியும் அதன் விடையும்

மருத்துவம் பயில விரும்பி 1883இல் இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குன்றியமையால் அவ்விருப்பம் நிறைவேறவில்லை. வாண்டேஜ் நகரத்துத் துறவுச் சகோதரியரிடம் தங்கியிருந்தபோது, வாழ்வில் தவறி வீழ்ந்த பெண்களுக்காக அவர்கள் நடத்திய இல்லம் ஒன்றைக் கண்டார். உலகம் ஒதுக்கிய அப்பெண்கள் அங்கு அன்போடு பேணப்பட்டனர். இவ்வன்பிற்கு ஊற்று யாது என வினவியபோது, சமாரியப் பெண்ணோடு இயேசு உரையாடிய நிகழ்ச்சியை ஒரு சகோதரி எடுத்துரைத்தார். இழிந்தவள் என ஊர் தள்ளிய ஒருத்தியிடம் இறைமகன் நீர் கேட்டுப் பேசினார் என்னும் செய்தி அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1883 செப்டம்பர் 29ஆம் நாள் மகளுடன் திருமுழுக்குப் பெற்றார்.

எனினும் அவர் தம் சிந்தனையை எவரிடமும் அடகு வைக்கவில்லை. சிலுவையில் இலத்தீன் சொற்கள் இருப்பானேன், வடமொழிச் சொற்கள் இருத்தலாகாதா எனச் சகோதரியரிடமே வாதிட்டார். கிறித்துவை ஏற்பது வேறு, ஆங்கிலேயரின் வழக்கங்களை ஏற்பது வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

நம்பிக்கைக்குக் கொடுத்த விலை

1886இல் அமெரிக்கா சென்று, உயர்சாதி இந்துப் பெண்ணின் நிலை பற்றி ஆங்கிலத்தில் நூலெழுதி 1887இல் வெளியிட்டார். அங்குத் திரட்டிய ஆதரவுடன் 1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் கைம்பெண்களுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது பூனாவிற்கு மாறியது. மாணவியர் சிலர் அவர்தம் வேண்டுதலில் தாமாகக் கலந்துகொள்ள, மதம் மாற்றுகிறார் என்னும் கண்டனம் எழுந்தது. 1893இல் ரானடே, பண்டார்க்கர் முதலிய சான்றோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர்; பெற்றோர் பலர் பெண்களை அழைத்துச் சென்றனர். தாம் வேண்டுவதை மறைக்கவும் அவர் இசையவில்லை. இல்லத்தை மூடவும் இசையவில்லை. எஞ்சியவர்களோடு பணி தொடர்ந்தது.

1896இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் பரவியது. பசியின் கொடுமையை இளமையில் துய்த்தறிந்த அவரால் பூனாவில் வாளா இருக்க இயலவில்லை. நேரிற் சென்று நூற்றுக்கணக்கான பெண்களையும் சிறுமியரையும் மீட்டுவந்தார். பிளேக் நோய் காரணமாகப் பூனாவில் அவர்களை வைத்திருக்க அரசு தடை செய்யவே, கேட்காவ் என்னும் சிற்றூரில் வாங்கியிருந்த நிலத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கு எழுந்ததே முக்தி இல்லம். 1900ஆம் ஆண்டுக் குஜராத் பஞ்சத்தின்போது அங்கு வாழ்ந்தோர் தொகை ஏறத்தாழ இரண்டாயிரமாயிற்று. நெசவு, உழவு, பால்பண்ணை, அச்சுத்தொழில் அனைத்தையும் பெண்களே நடத்தினர். விழியிழந்த பெண்களும் புள்ளியெழுத்தைத் தடவிப் படிக்கக் கற்றனர்.

இறுதி ஆண்டுகளில் எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, சிற்றூர்ப் பெண்டிர்க்கும் விளங்கும் எளிய மராத்தியில் விவிலியம் முழுவதையும் மொழிபெயர்த்தார். அதற்கு எழுத்துக் கோத்தவர்களும் அவர் மீட்ட பெண்களே. 1921 ஜூலையில் தம் பணிக்குத் துணையாயிருந்த ஒரே மகள் மனோரமாவை இழந்தார். அத்துயரிலும் அச்சுப்படி திருத்தும் வேலையை அவர் விடவில்லை. 1922 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் மறைந்தார். நூல் அதன் பின்னரே முழுமையாக வெளிவந்தது.

தாயின் பாடையைத் தலையில் சுமந்த பெண், ஆயிரக்கணக்கானோர்க்குத் தாயானார். துன்பம் தமக்கு ஏன் வந்தது என்னும் வினாவிற்கு அவர் ஏட்டில் விடை தேடவில்லை. பஞ்சம் நிகழ்ந்த ஊர்களுக்கு வண்டியேறிச் சென்றதே அவர் கண்ட விடை. நம்பிக்கை என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான உரை அரிது.